பலகை மாட்டினால் அதட்டல் நிற்குமா?

இப்போதெல்லாம் பல மில்களின் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. "இங்கு யாரையும் இழிவாகப் பேசக் கூடாது, துன்புறுத்தக் கூடாது." நல்ல வாசகம்தான்! ஆனால் பலகையைத் தாண்டி உள்ளே போனதும், நூல் அறுந்ததற்காகப் பெற்ற தாயையும் சேர்த்து வசைபாடும் மேஸ்திரியின் குரல் கேட்கிறதே, அதற்கு என்ன செய்வது?

புகார் கொடு என்கிறார்கள். யாரிடம்? 2025 வரை அமலில் இருந்த 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் கீழ் சர்க்கார் வகுத்த மாதிரி விதிகளைப் புரட்டிப் பார்த்தோம். முதலாளியோ அவரது ஆட்களோ அநியாயமாக நடத்தினால் மேனேஜரிடம் முறையிடலாம் என்றிருந்தது. திருப்தியில்லையா? முதலாளியிடமே அப்பீல்! அதே விதிகளில் தொழிலாளியின் குற்றப் பட்டியல் கீழ்ப்படியாமையில் தொடங்கியது. மேஸ்திரியின் வசைக்கு அங்கே தனி வரி இருக்கவில்லை. பெண்கள் மீதான பாலியல் தொல்லைக்கு 2013-இல் தனிச் சட்டம் வந்தது. 10 பேர் வேலை செய்தாலே கமிட்டி கட்டாயம். வரவேற்கிறோம். ஆனால் கமிட்டியை நியமிப்பவரும் முதலாளிதான்.

தஞ்சை மிராசுதார்கள் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்து வந்ததை மனம் மாறியா நிறுத்தினார்கள்? பி. சீனிவாசராவும் தோழர்களும் செங்கொடிச் சங்கம் கட்டினார்கள். 1944-இல் மன்னார்குடியில் அவ்விரண்டும் கூடாதென்று மிராசுதார்கள் கையெழுத்திட நேர்ந்தது. எழுதியது ஒருவரல்ல, இரு தரப்பும்! வித்தியாசம் அங்கேதான்.

நமது காலத்திலும் சான்று உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் தொழிலாளி கொலையுண்டார். ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். பெண் தொழிலாளர்கள் பொங்கி எழுந்தார்கள். 2022 ஏப்ரலில் சங்கமும் நிர்வாகமும் ஒப்பந்தம் செய்தன. சரக்கு வாங்கும் அந்நியக் கம்பெனியும் கட்டுப்பட்டது. ஆலை மீறினால் அதன் வியாபாரத்துக்கே இடி. 25 தொழிலாளிக்கு ஒருவர் வீதம் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் ஷரத்து. அது நமது கொடியின் கீழுள்ள சங்கமல்ல. அதனாலென்ன? நல்லதை நல்லதென்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

அடுத்த முறை சம்பளப் பேச்சுக்கு உட்காரும் மில் சங்கங்கள் இந்த ஷரத்துகளையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வயலில் வேலை செய்யும் சகோதரிகளுக்காகவும் அந்த 2013 சட்டப்படி ஜில்லா தோறும் ஒரு கமிட்டி இருந்தாக வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள், எங்கே கூடுகிறார்கள் என்று விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் கலெக்டரிடம் எழுதிக் கேட்கட்டும்.