பொறியும் பொறுமையும்

இயந்திரம் ஒன்று தன் தொழிலை நிறுத்திவிடின், அதனை மீண்டும் இயங்கச் செய்வதற்கு இருவழிகள் உள. ஒன்று, பழுது எங்கேயுளதென்று முறைப்பட ஆராய்ந்து கண்டு அவ்விடத்தை மட்டும் திருத்துதல். மற்றொன்று, ஐயத்திற்கிடமான உறுப்புக்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே சென்று, எதனாலோ குணமாயிற்றென்று மகிழ்தல். முன்னையதே அறிவுடையார் வழியென்பதை மறுப்பார் இலர். ஆயினும் பின்னையதே நம் நகரத்திற் பெருகி வருகின்றது. இதனாற் பொருளிழப்பேயன்றி அறிவிழப்பும் நேர்கின்றதென்பதைப் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் தீப்பொறி அமைப்பைக் கொண்டு ஈண்டு விளக்கக் கருதுகின்றோம்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனியாரும் மதறாஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் 1955ஆம் ஆண்டிற் கூட்டுச் சேர்ந்து, என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அதன் தொழிற்சாலை நம் நகரின் வடபாலுள்ள திருவொற்றியூரில் அமைந்தது. அங்கே செய்யப்பெற்ற புல்லட் வண்டிகளுட் பல, இன்றும் மயிலாப்பூர் மாடவீதிகளிலும் தியாகராயநகரின் நெருக்கமிக்க தெருக்களிலும் அடையாற்றுச் சாலைகளிலும் ஓடக் காண்கின்றோம். தந்தையார் ஏறிய வண்டியை மைந்தர் ஏறிச்செல்லும் குடும்பங்களும் உள.

அவ்வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் தீப்பொறி பிறக்கும் விதம் எளியது. பாட்டரியின் மின்சாரம் சாவி வழியாகக் காயிலின் தடித்த கம்பிச் சுற்றை அடைந்து, பாயிண்டு எனப்படும் இரண்டு சிறு தொடுமுனைகளைக் கடந்து வண்டியின் உடலிற் சென்று சேர்கின்றது. இயந்திரம் சுழலுங்கால் தொடுமுனைகள் உரிய நேரத்திற் பிரிகின்றன. மின்னோட்டம் திடீரெனத் தடைப்படவே, காயிலின் காந்தபலம் குலைந்து, ஆயிரக்கணக்கான மெல்லிய சுற்றுக்களையுடைய இரண்டாங் கம்பியிற் பல்லாயிரம் வோல்ட்டு எழுந்து, பிளக்கின் முனையிற் பொறியாகப் பாய்கின்றது. இவ்வுண்மையின் வேர் 1831இல் ஃபாரடே கண்ட மின்தூண்டல் விதியாம். இத்தகைய காயிலை 1836இல் ஆக்கியவர் அயர்லாந்தின் மேனூத் கல்லூரி ஆசிரியரான நிக்கலஸ் காலன். பாயிண்டின் பக்கத்திலே கண்டென்சரை இணைத்தால் பொறி வலுப்படுமென 1853இற் காட்டியவர் ஃபிஸோ என்னும் பிரெஞ்சு அறிஞர். கல்லூரி ஆய்வுக்கூடத்திற் பிறந்த பொருளே இன்று தெருவோரத்துப் பட்டறையில் விளங்குகின்றது.

இனி, பழுதறியும் முறையைக் காண்போம். பெட்ரோல் உளதாவென்பதை முதலிற் பார்த்துக்கொள்க. பின்னர் முகவிளக்குக் கூட்டின்மேலுள்ள அம்மீட்டரை நோக்குக. விளக்குக்களை அணைத்து, சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்துக. பாயிண்டு மூடியுள்ளபோது முள் செலவுப் பக்கம் சாய்ந்து, திறந்தவுடன் நடுவிற்கு மீளவேண்டும். முள் சிறிதும் அசையாதாயின், மின்சாரம் ஓடவில்லை. பாட்டரி, ஃபியூஸ், சாவி, கம்பி முடிச்சுக்கள், பாயிண்டின் முகத்து அழுக்கு ஆகிய இவற்றையே தேடுக. சாய்ந்த முள் மீளாதாயின், பாயிண்டு திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் உள்ளே ஒன்றுபட்டுக் கெட்டது, அல்லது கம்பியொன்று உடலைத் தொடுகின்றது. பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். முள் முறையாகச் சாய்ந்து மீளுமாயின், முற்பாதி பெரும்பாலும் நலமே. கண்டென்சர், காயிலின் இரண்டாஞ் சுற்று, பிளக்குக் கம்பி, பிளக்கு என்பனவே எஞ்சியவை. காசொன்றுஞ் செலவின்றி ஒரு சிறு முள் ஐயத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகின்றது.

ஒரே குறி இரு நோய்களுக்கு உரியதாதலும் உண்டு. பாயிண்டு அடிக்கடி கருகுமாயின், அதனையே பலமுறை மாற்றுவார் பலர். குற்றம் பெரும்பாலும் கண்டென்சரினது. காலையில் நன்கு புறப்பட்ட வண்டி அரைமணி ஓடியபின் நின்று, ஆறியபின் மீண்டும் கிளம்புமாயின், வெப்பத்தாற் சோரும் காயிலென்று கூறுவர். அது மெய்யாகலாம், ஆனால் பெட்ரோல் தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருப்பினும் இதே குறி தோன்றும். நின்றவுடன் மூடியைத் திறந்து பார்த்தால் உண்மை விளங்கிவிடும். பெசன்ட் நகர்க் கடற்காற்றின் உப்பு கம்பி முடிச்சுக்களிற் பச்சை பூக்கச் செய்வதும், ஐப்பசி கார்த்திகை மழையிற் பிளக்கு மூடியினுள் ஈரம் புகுவதும் இவ்வூர்க்கே உரிய காரணங்களாம். புதிய காயில் வாங்கினார்க்கு இவற்றால் யாது பயன்?

இங்ஙனமாகப் பொறுமையுடன் ஆராயும் மெக்கானிக்குகள் அருகி வருகின்றார்களென்று குறைகூறுவார் பலர். குறை அவரிடத்து மட்டுமன்று, நம்மிடத்தும் உண்டு. ஒருவர் அரைமணி நேரம் ஆராய்ந்து, உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்த்துச் சரிசெய்தால், “ஒன்றும் மாற்றவில்லையே, கூலி எதற்கு?” என்று வினவுகின்றோம். அவரே ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலிருந்து புதிய உறுப்பொன்றை வருவித்துப் பொருத்தினால், கேட்ட பணத்தை மறுமொழியின்றிக் கொடுக்கின்றோம். பொருளுக்கு விலையுண்டு, அறிவுக்கு இல்லையென்று நாமே தீர்ப்பளித்தபின், அவர் பொருளை விற்பதன்றி வேறென் செய்வார்? ஆதலின், “எதனை மாற்றினீர்?” என்று கேட்பதை விடுத்து, “எதனைக் கண்டீர்?” என்று கேட்டு, கண்டதற்கே கூலி கொடுக்கும் வழக்கம் நம்மிடையே வரவேண்டும்.

இக்காலத்துப் புதிய வண்டிகளிற் பாயிண்டு இல்லை. மின்னணுக் கருவி அவ்வேலையைச் செய்கின்றது. எனவே இவ்வறிவு வீணென்பார் சிலர். மின்னணுக் கருவி தேய்வில்லாதது, சிறந்ததென்பதை யாம் மறுக்கவில்லை. கெட்டபோது முழுதும் மாற்றவேண்டியதும் உண்மையே. ஆனால் அதனை மாற்றுமுன் கெட்டது அதுவோ, அதற்குச் செல்லும் கம்பியோ என்று அறியவேண்டுமன்றோ? கருவியின் விலை ஏற ஏற, தவறாக மாற்றுவதால் வரும் நட்டமும் ஏறுகின்றது. ஆகவே முறை பழையதாயினும் அதன் தேவை குறையவில்லை.

நம் மாணவர் மின்தூண்டல் விதியைப் பரீட்சைக்கென எழுதிவிடுகின்றனர். அவ்விதி இயங்கும் வண்டியேறியே கல்லூரிக்கு வருவோரும் அவருட் சிலர் உளர். புதுப்பேட்டையிற் பழைய பாயிண்டு, கண்டென்சர், காயில் இவற்றை வாங்கி, பௌதிக ஆய்வுக்கூடத்து மேசைமேற் பொருத்தி, ஒவ்வொரு பழுதை மறைவாக அமைத்து, மாணவரைக் கண்டுபிடிக்கச் செய்தல் அரிய காரியமன்று. ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்று, மாற்றுமுன் சோதி, சோதித்ததை எழுதிவை: இம்மூன்றையும் அம்மேசை கற்பிக்கும். நகரத்துப் பட்டறையிற் பல்லாண்டு பழகிய மெக்கானிக் ஒருவரை ஒருநாள் அழைத்து, ஆசிரியர் அருகே நிறுத்திப் பேசச் செய்யின், இருசாரார்க்கும் பெருநன்மை விளையும் என்பது எம் துணிபு.