மூக்கு சொன்னால் கேளுங்கள்!

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி. வண்டிக்குள் புகை நாற்றம் அடித்தால் முதலில் எங்கே போவீர்கள்? மெக்கானிக்கிடமா? பெரும்பாலும் இல்லை. பெர்ஃப்யூம் கடைக்கு! ஏ.சி. வருகிற இடத்தில் ஒரு லாவண்டர், டாஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு மல்லிகை டப்பா. நாற்றம் போய்விடும். நாற்றம் மட்டும்தான் போகும். புகை அப்படியே இருக்கும்.

சமையலறையில் காஸ் வாசனை வந்தால் ஊதுபத்தியா கொளுத்துகிறோம்? ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் மறுவேலை. கார் என்றால் மட்டும் ஏன் இந்த மெத்தனம்?

காரின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்க வேண்டிய ஹீமோகுளோபினை, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். உங்கள் மூக்குக்குத் தெரிவது அதன் கூட்டாளிகளான மற்ற வாயுக்கள்தான். கூட்டாளிகள் உள்ளே வந்தால் தலைவனும் வந்திருக்கிறான் என்று அர்த்தம். லாவண்டர் போட்டு நீங்கள் ஒழித்துக்கட்டுவது, கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கிற ஒரே சாட்சியை!

பின் சீட்டில் உட்காரும் குழந்தை வாந்தி எடுக்கிறதா? 'கார் ஒத்துக்கல' என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிடுகிறோம். இருக்கலாம். ஆனால் கூட வந்த பாட்டிக்கும் தலைவலி, ஓட்டுகிற உங்களுக்கும் கண்ணைச் சுழற்றுகிறது, இறங்கி நடந்தால் எல்லோருக்கும் சரியாகிவிடுகிறது என்றால், ஒத்துக்கொள்ளாதது கார் அல்ல, புகை. உடனே ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு எல்லோரும் இறங்குங்கள். தலைவலி போகவில்லை என்றால் நேரே ஆஸ்பத்திரிக்கு, வேறு வண்டியில்.

சரி, மெக்கானிக்கிடம் போனால்? சில இடங்களில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, 'ஸ்கேன்ல ஒண்ணும் காட்டல சார்' என்பார்கள். எப்படிக் காட்டும்? சைலன்சர் பைப்பில் பின்பக்கம் ஓட்டை விழுந்தால் அதைச் சொல்ல அங்கே சென்சாரே கிடையாது. வண்டியை லிஃப்டில் தூக்கி, அடியில் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குத்தான் சோம்பல்.

'பொல்யூஷன் சர்டிஃபிகேட் இருக்கே' என்கிறீர்களா? வண்டியைக் கண்ணால் பார்க்காமலே அச்சடித்துக் கொடுக்கிற புண்ணியவான்களை விடுங்கள். ஒழுங்காகச் சோதித்தாலும், அவர்கள் குழாயைச் செருகிப் பார்ப்பது சைலன்சர் முனையில் வருகிற புகையை. வழியில் ஒழுகி உங்கள் காலடிக்கு வருகிற புகையைப் பற்றி அந்தக் காகிதத்துக்கு எதுவும் தெரியாது. 2017-ல் உச்ச நீதிமன்றம், இந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்றது. 2024-ல் அந்த நிபந்தனையை நீக்கியும் விட்டது. ஆகவே அரசாங்கமும் கோர்ட்டும் வந்து உங்கள் காருக்குள் மோந்து பார்க்கும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே பாருங்கள்.

முதலில் நாற்றத்தைப் பிரித்தறியுங்கள். பச்சைப் பெட்ரோல் வாடை என்றால் எரிபொருள் கசிவு. அந்த வண்டியை ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். அழுகிய முட்டை என்றால், கேட்டலிடிக் கன்வெர்ட்டரையோ தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கும் இன்ஜினையோ சந்தேகப்படலாம். எண்ணெய் தீய்கிற வாடை என்றால், இன்ஜின் ஆயில் கசிந்து சூடான மேனிஃபோல்டில் சொட்டலாம். இனிப்பாக ஒரு வாடையா? கூலன்ட் ஒழுகுகிறது.

அடுத்து, எப்போது வருகிறது என்று கவனியுங்கள். சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. வழியாக வந்தால், முன்னால் நிற்கும் லாரியின் புகையாகவும் இருக்கலாம். திறந்தவெளியில் தனியாக நிறுத்தி, வெளிக்காற்று வருகிற மாதிரி வைத்துப் பாருங்கள். அப்போதும் வந்தால் கோளாறு பானட்டுக்குள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' சத்தம் கேட்டு, சூடானதும் அடங்கினால், மேனிஃபோல்டு கேஸ்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது பின்னாலிருந்து வந்தால், டிக்கிக் கதவின் பீடிங் ரப்பர் கிழிந்திருக்கலாம். ஓடுகிற கார் தன் புகையைப் பின்பக்கமாகத் தானே உள்ளே இழுக்கும். கட்டிலையும் பீரோவையும் ஏற்றி, டிக்கியைத் திறந்துபோட்டு ஓட்டுவது அதனால்தான் ஆபத்து. இந்தச் சோதனை எதையும் மூடிய ஷெட்டுக்குள் செய்யாதீர்கள்.

வைத்தியம் பெரும்பாலும் சின்னதுதான். ஒரு கேஸ்கட், ஒரு பீடிங், சைலன்சரில் ஒரு வெல்டிங், முடியாவிட்டால் புது பைப். டேப் சுற்றியும் பசை பூசியும் 'அட்ஜஸ்ட்' செய்து தந்தால் வாங்காதீர்கள். 'கன்வெர்ட்டரைக் கழட்டிட்டா பிக்கப் நல்லா இருக்கும் சார்' என்று யாராவது ஆசை காட்டினால், அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள். விஷ வாயுவைப் பெருமளவு மாற்றி வெளியே அனுப்புவதே அந்தக் கன்வெர்ட்டர்தான். அதைக் கழற்றுவது சட்டப்படியும் தப்பு.

நிறுத்திய காரில் கண்ணாடியை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி. குளிரில் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்! 'ஐயோ பாவம்' சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

லட்சக்கணக்கில் கொடுத்துக் கார் வாங்குகிறோம். கண் திருஷ்டி படாமலிருக்க முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறோம். ஊரார் கண்ணுக்குப் பயப்படுகிற நாம், நம் மூக்கு சொல்வதைக் கொஞ்சம் நம்பினால் என்ன?