குரூப்பில் சேர்ந்தால் ஊர் ஆகிவிடுமா?

தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை, காலி மனையில் மழைநீர் தேங்கிக் கொசு மொய்க்கிறது. இவற்றுக்கெல்லாம் நம் நகரங்களில் இன்று முதலில் சொல்லப்படும் வைத்தியம், “ஏரியாவுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் ஆரம்பிச்சிடலாம்” என்பதுதான். குடியிருப்போர் நலச்சங்கங்கள் அப்படி நினைக்கின்றன. தொண்டு நிறுவனங்களும் அப்படித்தான். வார்டு மக்களைக் குரூப்பில் சேர்த்துவிட்டால் மக்களோடு தொடர்பு வந்துவிட்டதாகக் கவுன்சிலர்களும் நம்புகிறார்கள். ஆட்களைக் கைப்பேசியில் கோத்துவிட்டால் அக்கம்பக்கம் தானாக உருவாகிவிடும் என்பதே இந்த நம்பிக்கையின் சாரம். 2017 ஜூனில் மார்க் ஸக்கர்பெர்க், ஃபேஸ்புக் குழு நிர்வாகிகளைச் சிகாகோவில் கூட்டி, சமூகங்களைக் கட்டும் ஆற்றலை மக்களுக்குத் தருவதே இனித் தம் நிறுவனத்தின் குறிக்கோள் என்று அறிவித்தார். இந்த நம்பிக்கைக்கு அன்று ஒரு பெருநிறுவனத்தின் முத்திரையும் விழுந்தது. இது தவறான நம்பிக்கை என்பது என் வாதம். வெறும் வீண் என்று சொல்லி விட்டுவிடவும் முடியாது. செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்துவிட்டது போன்ற நிறைவை இது தருகிறது; அதனாலேயே அந்த வேலையை யாரும் தொடங்காமல் போகிறார்கள்.

அதே சிகாகோவில் 1995 ஜூலையில் கடும் வெப்ப அலை வீசியது. வழக்கமாக நிகழும் மரணங்களைவிட 739 மரணங்கள் அதிகமாகப் பதிவாயின. சமூகவியலாளர் எரிக் கிளினன்பெர்க் அந்தச் சாவுகளை ஆராய்ந்து 2002இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் நார்த் லான்டேல், சவுத் லான்டேல் என்ற அடுத்தடுத்த இரண்டு பகுதிகளை அவர் ஒப்பிடுகிறார். ஏழை முதியவர்களும் தனியாக வாழும் முதியவர்களும் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தார்கள். ஆனால் வடக்குப் பகுதியில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள். தெற்கில் லட்சத்துக்கு நான்கு பேருக்கும் குறைவு. தெற்குத் தெருக்களில் கடைகள் திறந்திருந்தன, நடைபாதையில் எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் அச்சமின்றிக் கீழே இறங்கி வந்து போனார்கள். வடக்கில் தொழிற்சாலைகளும் கடைகளும் மூடி, வீடுகள் பாழடைந்து, தெருவில் இறங்கவே பயம் இருந்தது. தினமும் பால் வாங்க வரும் பெரியவரை இரண்டு நாளாகக் காணோமே என்று கடைக்காரருக்குத் தோன்றுகிற இடத்தில் அந்தப் பெரியவர் பிழைக்கிறார். இதை முந்நூறு பேர் உள்ள ஒரு குரூப்போடு வைத்துப் பாருங்கள். அதில் பெரும்பாலோர் எப்போதுமே எதுவும் எழுதாதவர்கள். ஒருவர் இரண்டு நாள் பேசவில்லை என்பது அங்கே யார் கண்ணிலும் படாது, இரண்டு மாதம் ஆனாலும் படாது. பேசுகிறவரைத்தான் குரூப் காட்டும். வராதவரைக் கவனிப்பதுதானே அக்கம்பக்கத்தின் முதல் வேலை?

இந்த இடத்தில் 2017 ஜனவரியில் மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை எடுத்துக்காட்டாதவர் தமிழ்நாட்டில் இல்லை. 17ஆம் தேதி சிறு கூட்டமாகத் தொடங்கியது சில நாட்களில் லட்சக்கணக்கானோர் திரண்ட போராட்டமாயிற்று. 21ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. 23ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. கட்சிகளின் துணையில்லாமல் ஃபேஸ்புக்கும் வாட்ஸாப்பும் ஆட்களைத் திரட்டியது உண்மை. அந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. ஆனால் 23ஆம் தேதி காலையில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கடற்கரையைக் காவல்துறை காலி செய்ய முற்பட்டபோது, கலைந்துபோகலாமா, இருப்பதா என்று எல்லோருக்குமாகத் தீர்மானிக்க அங்கே ஒருவரும் இல்லை. ஏற்கெனவே கூடிப் பேசி, ஒருவரையொருவர் எதிர்த்து வாதாடி, கடைசியில் ஒரு முடிவுக்குக் கட்டுப்பட்டுப் பழகிய அமைப்பு எதுவும் அந்தக் கூட்டத்துக்குள் இல்லை. துருக்கியில் பிறந்த சமூகவியலாளர் ஸெய்னப் துஃபெக்ஸி, 2013இல் இஸ்தான்புல்லின் கெஸி பூங்காவில் நடந்த போராட்டம் உள்ளிட்ட பலவற்றை ஆராய்ந்து சொன்னதும் இதுதான்: பழைய இயக்கங்கள் மாதக்கணக்கில் உழைத்து ஆள் திரட்டின, அந்த உழைப்பிலேயே சேர்ந்து முடிவெடுக்கும் திறனையும் வளர்த்துக்கொண்டன. உழைப்பில்லாமல் ஆள் சேரும்போது அந்தத் திறன் வளர்வதில்லை.

அன்று மெரினாவில் அடிக்குத் தப்பி ஓடியவர்களுக்குப் புகலிடம் தந்தவர்கள் எதிரே இருந்த நடுக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகளின் மக்கள். தண்ணீர் கொடுத்தார்கள், வீட்டுக்குள் இடம் கொடுத்தார்கள். அன்றே நடுக்குப்பத்தின் மீன் சந்தை தீக்கிரையானது. கருவாடும் கூடையும் வண்டிகளும் எரிந்தன, மீன் விற்றுப் பிழைக்கும் பெண்களின் முதல் போயிற்று. பிறகு உதவ வந்த மாணவர்களும் உண்டு, அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் வந்தவர்கள் திரும்பிப் போக வீடு வேறெங்கோ இருந்தது. குப்பத்துக்காரர்களுக்கு அந்தத் தெருவைவிட்டால் போக்கிடம் இல்லை. போக்கிடம் இல்லாத அந்த நிலைதான் ஒரு வட்டாரத்தை உண்டாக்குகிறது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நாளைக் காலையில் அதே முகத்தில் விழித்தாக வேண்டும், அதே குழாயடியில் நின்றாக வேண்டும். மனஸ்தாபம் வந்தால் பேசித் தீர்த்தாக வேண்டும். குரூப்பிலோ, மனஸ்தாபம் வந்த நிமிடத்தில் ஒரு விரல் தட்டலில் வெளியேறிவிடலாம். அட்மினுக்குப் பிடிக்காதவரை அவர் நீக்கிவிடலாம். விலகுவது இவ்வளவு எளிதாக இருக்கிற இடத்தில் சமாதானம் செய்துகொள்ளக் கற்க வேண்டிய தேவையே வருவதில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சமூக ஊடகம்தானே சென்னையைக் காப்பாற்றியது என்று கேட்பார்கள். தொலைவில் இருந்தவர்கள் முகவரிகளைத் தொகுத்தார்கள், உணவும் மருந்தும் எங்கே தேவை என்று பட்டியல் போட்டார்கள். அது பெரும் சேவை. ஆனால் நீர் சூழ்ந்த பல பகுதிகளில் மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே கதைதான். அந்த இருட்டில், கீழ்த்தளத்துக் குடும்பத்தை மாடிக்கு ஏற்றியது மாடி வீட்டுக்காரர். தெருவுக்குள் படகைக் கொண்டு வந்தது மீனவர். தூரத்து உதவியைத் திரட்ட இணையம் நல்ல கருவி. முதல் சில மணி நேரத்தைத் தாங்குவது பக்கத்து வீடு மட்டும்தான், அதற்கு இரண்டு வீட்டாரும் முன்பே ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் பழைய ஊரே சிறந்தது என்கிறாயா என்பது அடுத்த கேள்வி. இது எளிதில் தள்ளக்கூடிய கேள்வி அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் ஆய்வு செய்த அரசியல் அறிஞர் டேனியல் ஆல்ட்ரிச், இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பதிவு செய்தார். உறுதியான ஊர்ப் பஞ்சாயத்து இருந்த மீனவ ஊர்களுக்கு நிவாரணம் விரைவாகவும் நிறைவாகவும் வந்து சேர்ந்தது. அதே பஞ்சாயத்துகள் தலித்துகளையும் விதவைகளையும் பட்டியலுக்கு வெளியே தள்ளின. ஊர் என்பது சேரியை வெளியே நிறுத்தித்தான் தன்னை ஊர் என்று அழைத்துக்கொண்டது. அதன் கண்காணிப்பிலிருந்து தப்ப ஒரு பெண்ணுக்கோ ஒரு தலித் இளைஞருக்கோ கைப்பேசி வழி திறக்கிறது என்றால் அது விடுதலைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் இடத்திலிருந்து தப்புவதும், அந்த இடத்தைத் திருத்தி வாழ்வதும் வெவ்வேறு வேலைகள். முதலாவதுக்கு உதவும் கருவி இரண்டாவதையும் செய்துவிடும் என்று எண்ணுவதில்தான் பிழை.

இரண்டாவதைச் செய்து காட்டிய நவீன ஏற்பாடு ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பிற்பாடு மாநிலம் முழுவதும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களைத்தான் சொல்கிறேன். 12 முதல் 20 பெண்கள். குறித்த நாளில், குறித்த இடத்தில், பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பாயை விரித்து வட்டமாக உட்காருவார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, எழுதத் தெரியாதவருக்கு ரேகை. வராதவருக்கு அபராதம் போடும் குழுக்களும் உண்டு. சேமிப்பை எண்ணி நடுவில் வைப்பார்கள். யாருக்கு இந்த முறை உள்கடன் என்ற பேச்சு வரும்போது குரல் உயரும்: போன தடவை வாங்கியவர் இன்னும் தவணை கட்டவில்லை, இவர் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், அவர் மாமியார் மருத்துவமனையில் கிடக்கிறார். கடைசியில் ஒரு முடிவு தீர்மானப் புத்தகத்தில் ஏறும். ஊக்குநரும் பிரதிநிதிகளும் வங்கிக்குப் போவார்கள். அதுவரை வங்கி வாசலை மிதிக்காத பெண் மேலாளர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார். இந்தக் குழுக்களிலும் குறைகள் ஏராளம். நுண்கடன் நிறுவனங்கள் இவற்றின் வழியே கிராமத்துப் பெண்களைக் கடனில் மூழ்கடித்த கொடுமையும் நடந்தது. என்றாலும் ஒரே தெருவில் வாழ்ந்தும் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போகாத பெண்களை ஒரே பாயில் உட்கார வைத்தது, அடுத்தவரின் பணத்துக்குத் தான் பொறுப்பு என்ற நிலை. பணம், நேரம், கையெழுத்து, முகத்துக்கு நேரே வரும் கேள்வி என்று ஒவ்வொன்றும் ஒரு சிறு சுமை. அந்தச் சுமைகள்தான் உறவை உறுதியாக்கின. குரூப் தருகிற பெரிய வசதியே இந்தச் சுமைகள் எதுவும் இல்லை என்பதுதான்.

சுமையில்லாத இடத்தில் எது பரவுகிறது? 2018 மே மாதம் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸாப்பில் வதந்தி ஓடியது. 9ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களோடு காரில் வந்த 65 வயதுப் பெண் ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் கொல்லப்பட்டார். அந்த ஜூலையில் வாட்ஸாப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வரம்பு வைத்தது. அந்த ஊரில் குரூப் சந்தேகத்தை உண்டாக்கவில்லை. வெளியாளைப் பார்த்தால் எழும் பழைய சந்தேகத்துக்கு வேகம் கொடுத்தது. நகரத்து நலச்சங்கக் குரூப்களில் அதே சந்தேகம் நாகரிகமான மொழியில் வருகிறது. வடமாநிலத் தொழிலாளி யாராவது தெருவில் நின்றால் படம் எடுத்துப் போட்டு “இவர் யார்?” என்று கேட்கிறார்கள்; எந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தார் என்று அவரிடமே கேட்க ஒருவரும் இறங்கிப் போவதில்லை. வீட்டு வேலை செய்யும் அம்மா, காவலாளி, இஸ்திரி வண்டிக்காரர், பின்தெருக் குடிசைவாசிகள் என அந்த ஏரியாவைத் தினமும் தாங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் குரூப்பில் இருக்கிறார்கள்? மழைநீர் வடிகால் அடைத்தால் முதலில் நனைவது அவர்களின் பாய்தான். அவர்கள் இல்லாமலே ‘ஏரியா மக்கள் கருத்து’ என்று மாநகராட்சிக்கு மனு போகிறது.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று கனடாவில் இருக்கிறது. 1990களின் இறுதியில் டொரொண்டோவின் புறநகர் ஒன்றில், ‘நெட்வில்’ என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட புதுக் குடியிருப்பில், கீத் ஹாம்ப்டனும் பாரி வெல்மனும் ஆராய்ந்தார்கள். அதிவேக இணைய இணைப்பும் பொது மின்னஞ்சல் பட்டியலும் பெற்ற வீட்டார், பெறாதவர்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அண்டை வீட்டாரை அறிந்திருந்தார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் அந்தத் தெருக்களில் வீடு வாங்கிக் குடிவந்தவர்கள் மட்டும். எல்லோரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் குடியேறியவர்கள். கட்டுமான நிறுவனத்தின் குறைகளை எதிர்த்து எல்லோருக்கும் பொதுவான போராட்டம் ஒன்று இருந்தது. விளம்பரம் விற்க அவர்களை இரவு பகலாகத் திரையில் பிடித்து வைக்கும் தேவையும் அந்தப் பட்டியலுக்கு இல்லை. பொது இடமும் பொதுச் சிக்கலும் முன்பே இருந்தன, கருவி துணை செய்தது. அந்த வரிசையைத் தலைகீழாக்கி, கருவியை முதலில் வைத்துவிட்டு, இடமும் பொறுப்பும் பின்னால் வரும் என்று காத்திருக்கிறோம் நாம்.

காத்திருந்ததன் பலனை வாக்குச்சாவடியில் பார்க்கலாம். 2022 பிப்ரவரி 19இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மாநில அளவில் வாக்குப்பதிவு 60 சதவீதத்தைத் தாண்டியது. சென்னையில் 44 சதவீதத்தைத் தொடவில்லை. கைப்பேசிக்கும் குரூப்களுக்கும் பஞ்சமில்லாத நகரத்தில், சொந்த வார்டுக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கத் தெருமுனைப் பள்ளிக்கூடம் வரை நடக்கப் பாதிக்கும் மேற்பட்டோர் முன்வரவில்லை. சாதியும் சொத்தும் பாராமல் எல்லோருக்கும் இடம் தரும் கூட்டத்தை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. நகரங்களில் 2022 நவம்பர் முதல் பகுதி சபைகள் நடத்தப்படுகின்றன. இவை பல இடங்களில் சடங்காக நடப்பதும், கேள்வி கேட்பவரை உட்காரச் சொல்வதும் எல்லோருக்கும் தெரியும். போகிறவர்கள் பத்துப் பேராக இருக்கும் வரை அப்படித்தான் நடக்கும். அட்மின்களே, உங்கள் குரூப்பை மூட வேண்டாம். அடுத்த சபை எந்தத் தேதி, எந்த இடம் என்று அதில் போடுங்கள். காவலாளியையும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவையும் நேரில் அழையுங்கள். வடிகால் பிரச்சினையை அங்கே எழுந்து நின்று சொல்லி, தீர்மானத்தில் ஏற்றி, நகல் வாங்காமல் திரும்பாதீர்கள்.