தூசியைத் துடைக்கலாம், பெயின்ட்டைச் சுரண்டக் கூடாது

பிரான்ஸின் மேற்குப் பகுதியில் ரோஜே பையோன் என்றொரு தொழிலதிபர் இருந்தார். லாரிப் போக்குவரத்தில் பணம் சேர்த்து, 1950களிலிருந்து பழைய கார்களை வாங்கிக் குவித்தவர். அவற்றை வைத்து ஓர் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1970களில் தொழில் நொடித்தது. சேகரிப்பில் ஒரு பகுதி கைவிட்டுப் போனது. மிஞ்சிய கார்கள் தகரக் கொட்டகைகளிலும் கராஜ்களிலும் அப்படியே நின்றன. அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் ஆர்ட்கியூரியல் ஏல நிறுவனத்தை அழைத்துக் கதவுகளைத் திறந்துவிட்டபோது, டெலாஹே, டால்போ-லாகோ என்று பிரெஞ்சுக் கார் வரலாற்றின் பெரிய பெயர்கள் வரிசையாக வெளிப்பட்டன. 1961ஆம் ஆண்டின் ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர் ஒன்று பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. நடிகர் அலென் தெலோன் ஒரு காலத்தில் வைத்திருந்த கார் அது. 2015 பிப்ரவரியில் பாரீஸில் நடந்த ஏலத்தில் அந்த ஒரு கார் மட்டும் சுமார் 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்குப் போனது. 59 கார்களும் சேர்ந்து ஏறத்தாழ 2.5 கோடி யூரோ ஈட்டின. அவற்றைக் கழுவி மெருகேற்றாமல், கிடைத்த கோலத்திலேயே பார்வைக்கு வைத்திருந்தார்கள்.

புதையல் கிடைத்த கதையாக உலகப் பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. விலையைவிட முக்கியமான கேள்வி, கொட்டகையின் கதவு திறந்த மறுநாள் அந்தக் காரை என்ன செய்கிறோம் என்பதுதான். நெடுங்காலமாக இதற்கு ஒரே வழக்கம்தான் இருந்தது. பெயின்ட்டைத் தகடு தெரியும்வரை சுரண்டுவது, இருக்கைத் தோலைக் கிழித்தெறிந்து புதுத்தோல் தைப்பது, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில்கூட இல்லாத பளபளப்பை ஏற்றுவது. முதல் பெயின்ட்டும் முதல் தோலும் பெருமளவு தப்பிப் பிழைத்திருக்கும் ஒரு காருக்கு இதைச் செய்வது மீட்பு அல்ல, அழிப்பு என்பதே என் வாதம். அந்தக் காலத்து உயர்ரகக் கார்கள் பல, ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சேஸியை ஒரு நிறுவனம் செய்யும். கரூரில் பஸ்ஸுக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டுவதுபோல, அதன் மேல் வேறொரு பட்டறை பாடி கட்டித் தரும். பாரீஸின் சவுச்சிக் பட்டறை அப்படிப்பட்டது. மரச்சட்டத்தின் மேல் தகட்டைக் கையால் தட்டித் தட்டி வளைத்த கைவினைஞர்கள் தங்கள் வித்தையை எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. தகட்டின் உட்புறத்துச் சுத்தியல் தடமும் பெயின்ட் அடுக்குகளின் வரிசையும் தோலின் தையலும்தான் அவர்கள் விட்டுச் சென்ற ஏடு. கோயிலின் கற்சுவரைப் பளிச்சென்று ஆக்க மணலைப் பீய்ச்சியடித்தால் கல்வெட்டு மழுங்கிப்போகும் என்பது நமக்குத் தெரியும். சுவர் அங்கேயேதான் நிற்கும், எழுத்து இருக்காது. காரிலும் நடப்பது அதுவேதான்.

மாற்றுவழிக்கு நல்ல சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. ஆறே ஆறு கட்டப்பட்ட ஷெல்பி கோப்ரா டேடோனா கூப்பே பந்தயக் கார்களில் முதலாவது, 1964இல் உருவானது. 1965இல் பான்வில் உப்புவெளியில் வேகச் சாதனைகள் படைத்தது. பிறகு கலிஃபோர்னியாவின் ஒரு சேமிப்புக் கிடங்கில் பல பத்தாண்டுகள் மறைந்திருந்து, 2001இல் வெளிவந்தது. அது போய்ச் சேர்ந்த இடம் ஃபிலடெல்ஃபியாவில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஃபிரெட் சிமியோன் உருவாக்கிய சேகரிப்பு. பந்தயத்தில் பட்ட காயங்களை அழித்துப் புதுக்கார் ஆக்காமல், பழைய கோலத்தைக் காப்பாற்றுவதையே அவர் தேர்ந்தெடுத்தார். அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் 2014இல் முதலாவதாக இடம்பெற்றது இந்தக் கார்தான். பதிவேட்டுக்காக அதை அங்குலம் அங்குலமாக அளந்து, படமெடுத்து ஆவணப்படுத்தினார்கள். தகட்டையும் பெயின்ட்டையும் மாற்றிய பிறகு இப்படி அளந்திருந்தால், பதிவாகியிருப்பது ஷெல்பி பட்டறையின் வேலை அல்ல, மீட்டெடுத்தவரின் வேலை.

துரு யாருக்கும் காத்திருக்காது, தொடாமல் வைத்தால் கார் அழிந்தே போகும் என்று ஒரு மறுப்பு எழும். அது சரிதான். பையோனின் கொட்டகைகள் சில பக்கச் சுவரே இல்லாதவை. அங்கே நின்ற கார்களை மழையும் ஈரமும் தின்றிருந்தன. அந்தக் கேட்டுக்கு அழகு கற்பிப்பதை நானும் ஏற்கவில்லை. தூசிக்கு மதிப்பு கிடையாது. அதன் அடியில் இருப்பதற்குத்தான் மதிப்பு. தூசியை மெல்லத் துடைக்கலாம், துரு பரவாமல் தடுக்கலாம், ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கலாம். இவையெல்லாம் பராமரிப்பு. அடிச்சட்டமே இற்று, அசல் என்று சொல்ல அதிகம் மிஞ்சாத காரை மீட்டுக் கட்டுவதிலும் தவறில்லை. ஆனால் அந்த நிலையிலும் ஒருமுறை யோசிப்பது நல்லது. மஜோரே ஏரியின் அடியில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்து 2009இல் மேலே வந்த புகாட்டி பிரெஸியா, பாதி கரைந்துபோன கூடு. அதை 2010இல் சுமார் 2,60,000 யூரோ கொடுத்து வாங்கிய கலிஃபோர்னியாவின் மல்லின் அருங்காட்சியகம், கட்டிச் சேர்க்காமல் அந்தக் கூட்டையே காட்சிக்கு வைத்தது. ஏரி செய்ததும் அந்தக் காரின் வரலாறு என்று எடுத்துக்கொண்டார்கள்.

கார் என்றால் ஓட வேண்டாமா என்ற கேள்வி இதைவிட வலுவானது. ஓடாத எந்திரம் பாதி எந்திரம்தான். இன்ஜினின் உறுமலும் ஒரு சான்று. ஆனால் ஓட வைப்பதற்கும் புதுக்கோலம் பூசுவதற்கும் சம்பந்தமில்லை. டயர், ரப்பர் குழாய், பிரேக் லைனிங், பேட்டரி எல்லாம் அந்தக் கார் இளமையாக இருந்த நாளிலேயே தேயத் தேய மாற்றப்பட்டவை. அவற்றை இன்று மாற்றினால் எதுவும் இழப்பில்லை. நெடுநாள் உறங்கிய இன்ஜினை நேரே ஸ்டார்ட் செய்யாமல், சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையால் சுழற்றிப் பார்த்து, பிசினாகிப்போன பெட்ரோலை வடித்தெடுத்து எழுப்பத் தெரிந்த மெக்கானிக்குக்குப் பெயின்டரின் உதவி தேவையில்லை. சிமியோன் அருங்காட்சியகமே தன் கார்களைக் குறிப்பிட்ட நாட்களில் வெளியே எடுத்து ஓட்டிக் காட்டுகிறது.

காசு கொடுத்து வாங்கியவர் தன் விருப்பப்படி செய்துகொள்வார் என்பது கடைசி மறுப்பு. சட்டப்படி அதைத் தடுப்பது கடினம்தான். ஆனால் அந்த விருப்பம் வானத்திலிருந்து விழுவதல்ல. எது பரிசு பெறுகிறதோ, எது நல்ல விலைக்குப் போகிறதோ, அதைப் பார்த்துத்தான் உரிமையாளரின் கை சுரண்டியை எடுக்கிறது அல்லது கீழே வைக்கிறது. கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கார் அணிவகுப்பு இதற்கு உரைகல். அங்கே முதல் பரிசு பல பத்தாண்டுகளாகப் பளபளக்கும் மறுசீரமைப்புகளுக்கே போய்க்கொண்டிருந்தது. 2024 ஆகஸ்டில் அது 1934ஆம் ஆண்டின் புகாட்டி டைப் 59 காருக்குக் கிடைத்தது. பழமை மாறாமல் பாதுகாக்கப்பட்ட ஒரு கார் அங்கே முதல் பரிசு வென்றது அதுவே முதல் முறை. பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்ட் ஒருகாலத்தில் வைத்திருந்த கார் அது. வயதின் வெடிப்பும் தேய்மானமும் தெரிய, பழைய கறுப்புப் பெயின்ட்டோடே மேடை ஏறியது.