நஷ்டக் கணக்கு யாருடையது?

தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களே நஷ்டத்தில் ஓடும்போது ஊழியர்கள் கூடுதலாகக் கேட்பது நியாயமில்லை, அதுவும் பொங்கல் நேரத்தில் பஸ்ஸை நிறுத்துவது மக்களைப் பணயம் வைப்பது என்கிறார்கள்.

முதலில் நஷ்டம். கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. 2018 ஜனவரியில் உயர்த்தியதோடு சரி. டீசல் விலை அங்கேயா நின்றது? வசூல் தேறாத கிராமத் தடத்திலும் பஸ் ஓட வேண்டும், ஓடத்தான் வேண்டும். அந்தச் செலவைக் கண்டக்டர் ஏன் சுமக்க வேண்டும்?

இரண்டு, 2024 ஜனவரி 9 வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்தார்களா? ஓய்வூதியர்களுக்குப் பல ஆண்டுகளாக நிறுத்திவைத்த அகவிலைப்படி. நிரப்பாத காலிப் பணியிடங்கள். ஆள் இல்லையென்றால் இறங்கிய டிரைவரையே இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் மறுபடி உட்காரவைக்கிறார்கள், டபுள் டூட்டி என்று. அவருக்குக் கண் சொருகினால் ஆபத்து யாருக்கு?

மூன்று, பொங்கல். உயர் நீதிமன்றம் சொன்னதும் 10ஆம் தேதியே சங்கங்கள் போராட்டத்தைத் தள்ளிவைத்தன. பண்டிகைக்கு பஸ் ஓடியது. அப்போதும் அகவிலைப்படிதான் வரவில்லை.