குடும்ப நலம்: மூன்று மருந்துகளுள் எதைத் தெரிவது?

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் அயலார் அனைவருக்கும் சொல்கின்றோம். மறைவிடத்தில் ஒரு கொப்புளம் கண்டாலோ கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும் சொல்லக் கூசுகின்றனர். அக்கூச்சத்தில் கழியும் முதல் ஓரிரு நாட்களே மருந்து நன்கு பயன்தரும் நாட்கள் என்பதை எடுத்துரைப்பதே இவ்வாரம் எமது நோக்கம்.

பிறப்புறுப்பில் தோன்றும் ஹேர்பிஸ் நோய் ஒருவகை வைரசினால் உண்டாவது. முதலில் எரிவும் குறுகுறுப்பும் தோன்றும். பின்னர் நீர்க்கொப்புளங்கள் எழுந்து, உடைந்து புண்ணாகும். புண் ஆறிய பின்னரும் வைரசு உடலைவிட்டு அகல்வதில்லை. நரம்புகளின் அடியில் உறங்கிக் கிடந்து, இடையிடையே விழித்தெழும். அதனை முற்றாக ஒழிக்கும் மருந்து இல்லை. ஆனால், அதன் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்துகள் மூன்று உள்ளன.

முதலாவது அசைக்ளோவிர். இம்மருந்தை உருவாக்கும் முயற்சியிற் பங்குகொண்ட கேர்ட்ரூட் எலியன் அம்மையார் 1988ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். இது நெடுங்காலம் பழகிய மருந்து. எனினும் குடல் இதனைச் சிறிதளவே உறிஞ்சுவதால், நாளொன்றுக்குப் பன்முறை உட்கொள்ள நேரும். இரண்டாவதாகிய வலசைக்ளோவிர் உடலினுட் சென்று அசைக்ளோவிராகவே மாறுவது. இது கூடுதலாக உறிஞ்சப்படுவதால், ஒரு முறையோ இரு முறையோ உட்கொண்டாற் போதும். மூன்றாவது பாம்சைக்ளோவிர்.

இவற்றுள் வல்லது எது என்று கேட்பர். நோயை அடக்கும் திறனில் இவற்றிடையே பெரும் வேறுபாடு இல்லை. ஆகவே, வேளை தவறாது எதனை உட்கொள்ள இயலும், எதனை வாங்கக் கட்டும் என்பவற்றைக் கொண்டே தெரிதல் வேண்டும். நண்பகற் குளிசையை மறப்பவருக்கு வலசைக்ளோவிர் நன்று. சிறுநீரகக் கோளாறுடையோர் அதனை வைத்தியரிடம் முன்னரே கூறுதல் வேண்டும், அளவு குறைக்கப்படும். மேலே பூசும் களிம்பினால் பெரும்பயன் இல்லை.

முதன்முறை நோய் கண்டால் 7 முதல் 10 நாட்கள் மருந்துண்ணல் வழக்கம். மீண்டும் வரும்போது, குறுகுறுப்பு எழுந்தவுடனேயே தொடங்கினால் சில நாட்களே போதும். எனவே, வைத்தியரின் ஆலோசனையுடன் குளிசையை முன்கூட்டியே பெற்று வீட்டில் வைத்திருத்தல் நலம். அடிக்கடி வருந்துவோர் நாள்தோறும் உட்கொண்டால், நோய் மீளும் தடவைகள் நூற்றுக்கு 70 முதல் 80 வரை குறையும். நாள்தோறும் வலசைக்ளோவிர் உட்கொண்டால் துணைவருக்குத் தொற்றுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றதென 2004இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. பாதி குறைந்தாலும் மறுபாதி உண்டன்றோ! ஆதலால் ஆணுறை அணிதலும், புண் உள்ளபோது கூடாதிருத்தலும் அவசியம்.

கருவுற்ற தாய்மார் இந்நோயை ஒருபோதும் மறைத்தலாகாது. பிறக்கும் சிசுவுக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. 36ஆம் வாரம் முதல் மருந்து கொடுத்தும், பிரசவ வேளையிற் புண் இருந்தால் சத்திரசிகிச்சை செய்தும் வைத்தியர் குழந்தையைக் காப்பர்.

இறுதியாக ஒன்று. இவ்வைரசு எவ்வித அறிகுறியுமின்றிப் பல்லாண்டு உறங்கிக் கிடக்கவல்லது. மணமாகிப் பல ஆண்டுகளின் பின் புண் தோன்றியதென்பதால், துணைவர் துரோகம் செய்தார் என்று முடிவுகட்டுதல் தவறு. நம் நாட்டின் அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம், இரகசியமும் பேணப்படும். சந்தேகத்தால் ஒரு குடும்பத்தைக் குலைப்பதிலும், இருவரும் சேர்ந்து அங்கே செல்வது நன்று.