கோத்திரம் கேட்பவர்க்குக் கொடிவழி காட்டுக!

கோயிலில் வழிபாட்டுத் தட்டை நீட்டியதும் பூசகர் கேட்கிறார்: “என்ன கோத்திரம்?” தமிழன் விழிக்கிறான், மனைவியின் முகத்தைப் பார்க்கிறான். “தெரியாதா? சரி, சிவகோத்திரம் என்று சொல்லிவிடுகிறேன்” என்று அவரே ஒன்றைச் சூட்டிவிடுகிறார். தமிழனும் மகிழ்ந்து திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டு திரும்புகிறான். அரைநொடியில் அவன் குடி வடவர் கணக்கில் ஏற்றப்பட்டு விட்டது! கோத்திரம் தெரியாமை தமிழனுக்கு இழிவன்று. அஃது அவனுக்கு என்றுமே உரியதன்று. தன் பாட்டனைப் பெற்றவன் பெயர் தெரியவில்லையே, அதுவன்றோ இழிவு!

அண்மையில் ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்து, பெற்றோர் இருவர், அவர்களைப் பெற்றோர் நால்வர், அந்நால்வரைப் பெற்றோர் எண்மர் ஆகப் பதினால்வர் பெயரை எழுதச் சொன்னேன். ஆறாம் பெயரைத் தாண்டியவர் மிகச் சிலரே. தாயைப் பெற்றவள் பெயருக்குரிய இடத்தில் ‘அம்மாச்சி’ என்றும் ‘அம்மாயி’ என்றும் எழுதியிருந்தனர். பிள்ளைகள்மேல் குற்றமில்லை. அந்தக் கிழவிக்கும் ஒரு பெயர் உண்டென்று வீட்டில் எவரும் சொல்லவில்லை. தாள்களைத் திருத்த அமர்ந்த நான், என் தாய்வழிப் பூட்டியின் பெயரை எழுத முயன்றேன். இயலவில்லை. கேட்டறிய என் வீட்டில் இன்று எவரும் உயிரோடில்லை. மாணவர்க்கு மதிப்பெண் இடும் தகுதி எனக்கேது?

வெற்றிடம் வெற்றிடமாகவே இருப்பதில்லை. ஒருபுறம் கோத்திரக்காரர் அதில் ஒரு முனிவரைக் குடியேற்றுகிறார். மறுபுறம் சாதிச் சங்கத்தார் ஓர் அரசனைக் குந்தவைத்து, ‘ஆண்ட பரம்பரை’ என்று சுவரெல்லாம் எழுதுகின்றனர். எல்லாரும் ஆண்டிருந்தால் ஏர் பிடித்தவன் எவன்? ஏரிக்கு மண் சுமந்தவள் எவள்? அவர்களல்லரோ நம்மைப் பெற்றவர்கள்! (பரன், பரை என்று பிரித்துப் ‘பரம்பரை’யைத் தமிழாக்கிக் காட்டும் செய்தியொன்று நம்மவரிடையே உலவுகின்றது. அது வடசொல்லே. கொடிவழி, கால்வழி, மரபு என்று நமக்குச் சொல் இருக்கையில் பொய் வேர் எதற்கு?)

கொடிவழி எழுதுவது நமக்குப் புதிதன்று. கரூரையடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலைக் குகையில், ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முன் வெட்டிய தமிழிக் கல்வெட்டு, ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறையை வரிசையாகச் சொல்கின்றது. கதிரவனும் இல்லை, திங்களும் இல்லை. மகன், மகன் என்ற சொல்லே உண்டு. பின்னர் வந்த முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் பாருங்கள். அதன் வடமொழிப் பகுதி சோழன் குடியைக் கதிரவனிடமிருந்து தொடங்கிக் கட்டுகின்றது. தமிழ்ப்பகுதியோ பழையனூரின் எல்லையையும் அலுவலர் பெயரையும் சொல்கின்றது. ஒரே செப்பேட்டில் புனைவு எம்மொழியில், கணக்கு எம்மொழியில் என்று கண்டீர்களா?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரை, எவ்வூர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று பெயர் பெயராகக் குறிக்கின்றது. ஆயிரம் ஆண்டுகட்கு முன் ஆடல்மகள் பெயரைக் கல்லில் வெட்டிய இனத்தான், இன்று தன் பாட்டியின் பெயரைத் தாளில் எழுத மாட்டாமல் நிற்கிறான்!

எங்குத் தொடங்குவது? வீட்டிலுள்ள முதியவளிடம். ஆண்வழியைப் பங்காளிகள் ஓரளவு நினைவில் வைத்திருப்பர். பெண்வழி பெண்கள் நாவிலன்றி வேறெங்கும் இல்லை. அகவை கேட்டால் விடை வராது. ‘1964ஆம் ஆண்டுப் புயலின்போது உங்கள் இடுப்பில் எந்தப் பிள்ளை?’ என்று கேளுங்கள்; வரும். இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் மூதாட்டி ஒருவருக்குத் தெரியும் உறவுமுறை ஊர்க்கணக்கில் இராது. ‘பெயரன்’ என்ற சொல்லே பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்று பொருள்படுவது. முத்தன் மகன் கறுப்பன், கறுப்பன் மகன் முத்தன் என்று ஒன்றுவிட்டு ஒன்று பெயர் திரும்பும். விடுபட்ட கண்ணியை இதனால் உய்த்துணரலாம், இரு முத்தன்களை ஒருவனாக்கி ஏமாறவும் செய்யலாம். இன்றோ எண்கணிதக்காரர் பெயர் வைக்கிறார். அதில் பாதி எழுத்து தமிழ் நெடுங்கணக்கிலேயே இல்லை!

அடுத்துப் பழைய நில ஆவணங்கள். ‘கிரயசாசனம்’, ‘குமாரர்’, ‘பாரியாள்’ என்று வடசொற் புதர் மண்டிக் கிடக்கும்; அஞ்சவேண்டா. எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் ஒவ்வொருவர்க்கும் தந்தை பெயரும் ஊரும் இருக்கும். பங்கு பிரித்த ஆவணமாயின் உடன்பிறந்தார் அனைவரும் கிடைப்பர். நான்கெல்லையைக் கட்டாயம் படியுங்கள். அடுத்த நிலத்துக்காரர் பலகாலும் பங்காளியே. வீட்டுப்படி கரையானுக்குப் போயிருந்தால் சார்பதிவகத்தில் படி பெறலாம். பசலி ஆண்டுடன் 590 கூட்டுக: பசலி 1350 என்பது 1940 சூலையில் தொடங்கியது. ஆனால் ‘விரோதி ஆண்டு’ என்று மட்டும் ஓலையில் இருந்தால்? 1889ஆ, 1949ஆ? பாட்டனும் பெயரனும் ஒரே ஆண்டில் பிறந்தவர் ஆகிவிடுவர்! அறுபதாண்டுச் சுழற்சியைத் தள்ளித் தொடராண்டு வேண்டுமென்று நம் அறிஞர்கள் திருவள்ளுவராண்டு கண்டது வெறும் வீம்பன்று என்பது இங்கே விளங்கும். கொடிவழித் தாளில் கிறித்துவ ஆண்டையும், அதனுடன் 31 கூட்டிய வள்ளுவராண்டையும் சேர்த்தெழுதுக.

நிலமே மறுக்கப்பட்ட குடிகளுக்கு ஆவணம் ஏது? பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும், கிறித்தவராயின் கோயிலின் திருமுழுக்குப் பதிவேடும் உதவும். எஞ்சியதெல்லாம் நாவழிச் செய்தியே. ஆதலின் அவர்கள்தாம் முதலில் விரைய வேண்டும்.

நம் பக்கத்துப் பிழையையும் சொல்லியாக வேண்டும். தூயதமிழ்ப் பெயர் சூடிக்கொள்ளும் அன்பர் சிலர் பழம்பெயரைச் சொல்லவே கூசுகின்றனர். மறைமலையடிகளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம் என்பதை உலகறியும்; அதனால் அவர்க்கு என்ன குறைந்தது? இரு பெயரையும் எழுதுக. ஆவணத்தில் ‘இலட்சுமணன்’ என்றுள்ள பாட்டனை ‘இலக்குவன்’ என்று திருத்தி எழுதினால், நாளை தேடும் பெயரன் ஆவணத்தைக் கண்டும் ஆளைக் காணான். தெரியாத பெயருக்குக் கோடு மட்டும் இட்டு வெற்றிடம் விடுக.

என் தாய்வழிப் பூட்டிக்கு அவ்வாறே விட்டிருக்கிறேன். அவர் பிறந்த ஊரில் தொண்ணூறு அகவையைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருப்பதாகக் கேள்வி. கண் மங்கிவிட்டதாம், நினைவு மங்கவில்லையாம். வருகின்ற ஞாயிறன்று போகிறேன்.